பெயர்களை மறைத்த அட்டை

யாராவது பாஸ்வேர்ட் அடிக்கும்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். தலையை மட்டும் திருப்புகிற கதையெல்லாம் இல்லை. முழு உடம்பையும் திருப்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு காலண்டர்கூட மாட்டாத வெள்ளைச் சுவரை மும்முரமாகப் பார்ப்பார். "ஆச்சு மேடம்" என்று நாங்கள் சொன்ன பிறகுதான் முகம் இந்தப் பக்கம் வரும். எட்டு எழுத்து அடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவை இந்த நாடகம் நடந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? என்னைச் சந்தேகமாகப் பார்த்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பார்க்காமல் நிற்கிற அந்த முதுகுதான் என்னைப் படுத்தி எடுத்தது.

சமையல் கேஸ் இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்களின் பட்டியலை வைத்திருந்த அலுவலகம் அது. செம்பூரில் இருந்தது. எண்பதுகளில் பம்பாயில் கேஸ் இணைப்பு கேட்டவுடன் கிடைக்கிற சாமான் இல்லை. பதிவு செய்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை, இணைப்பு வரும்போது தன் கல்யாணப் பத்திரிகையோடு நிற்கும். அந்தப் பட்டியலைத் தடித்தடி ரிஜிஸ்டர்களிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், டீலர்கள் கேட்டால் யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பார்த்துச் சொல்வதும், விலாசம் மாறினால் திருத்துவதும் எங்கள் வேலை. நாங்கள் ஆறு பேர். அந்த அறைக்குப் பொறுப்பாளர் அவர்.

செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மிஷினுக்கு ஆகாது என்பார்கள். ஏசிக் குளிரில் வெறுங்காலோடு உட்கார்ந்து பச்சை எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருப்போம். தாராவியில் லெதர் பை தைத்துக்கொண்டிருந்த என் வாப்பா, தன் மகள் ஏசியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறாள் என்று நைன்ட்டி ஃபீட் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். குளிருக்கு எனக்குக் கால் விரல் மரத்துப்போகும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அறையில் இருந்த மராட்டிப் பையன்கள் அவருக்கு 'தாலா' என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தியில் பூட்டு. அது அவருக்கும் தெரியும். ஒருமுறை ஷிண்டே வாய் தவறி "தாலா மேடம்" என்றே கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவர் "என்ன வேணும்?" என்று திரும்பினார், அவ்வளவுதான். என்னைவிட ஏழெட்டு வயசுதான் மூப்பு. மாதுங்காவில் அப்பாவோடு இருந்தார், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இதற்கு மேல் அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கேட்கவும் தோன்றாது.

ஆனால் அவர் எங்களைக் கேட்பார். நாங்கள் சேர்ந்த புதிதில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஆறு பேரில் நாலு பேர் தமிழ்க்காரர்கள். பம்பாயில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனைப் பார்த்தால் பெயருக்கு முன்னால் ஊரைத்தானே கேட்பான்? அவரும் கேட்டார்.

"ஏம்மா, உனக்கு எந்த ஊர்?"

"மேலப்பாளையம் மேடம்."

"திருநெல்வேலிப் பக்கம்தானே? ஆறு கிட்டக்க இருக்கோ?"

ஆற்றைப் பற்றிச் சொன்னேன், பாலத்தைப் பற்றிச் சொன்னேன். தென்காசிக்காரன் சாரலைப் பற்றிச் சொன்னான். களக்காட்டுக்காரி வாழைத்தாரைப் பற்றிச் சொன்னாள். இந்த அம்மாவும் மனுஷிதான் என்று எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை நாலு பேர் மேஜையிலும் ஒரு மடித்த சீட்டு. என் சீட்டில் ஆங்கிலத்தில் 'மேலப்பாள' என்று எட்டே எழுத்து. அந்த மிஷின் எட்டுக்கு மேல் வாங்காது என்பதால் பாஸ்வேர்ட் வைக்கும்போது என் ஊரை அங்கேதான் நான் வெட்டியிருந்தேன். மற்ற மூன்று சீட்டிலும் அவரவர் ஊர். ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்தவர்களுக்கு ரகசியமாக வைத்துக்கொள்ள ஒரு வார்த்தை வேண்டும் என்றால் ஊர்ப் பெயரைத் தவிர வேறு எது தோன்றும்? முதல் கேள்வியிலேயே அதை எல்லாரிடமும் ஒப்பித்துவிடுகிறோம் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

"அது சரியா இருந்தா இன்னைக்கே மாத்திடுங்கோ. தப்பா இருந்தா கிழிச்சுப் போட்டுடுங்கோ," என்றார். "எனக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம்."

நாலு பேரும் மாற்றினோம். அதன் பிறகு அவர் எங்கள் பெஞ்சுக்கு வரவேயில்லை. அது எனக்குக் கோபமாக இருந்தது. என் ஊர் ஆற்றை இதற்காகத்தானா கேட்டாய் என்று இருந்தது.

"எழுந்தா மூடு." இதுதான் அவர் வாயில் சதா இருக்கிற வார்த்தை. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் உன் பெயரில் திறந்த திரையை மூடிவிட்டுப் போ. மற்ற ஐந்து பேரும் முணுமுணுத்துக்கொண்டாவது மூடுவோம். ஷிண்டே மட்டும் மூட மாட்டான். நாலு மணி டீ அவனுக்கு நமாஸ் மாதிரி, ஒரு நிமிஷம் பிந்தக் கூடாது. "அரே, தஸ் மினிட்," பத்தே நிமிஷம் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடுவான். திரும்பி வரும்போது அவரே அவன் திரையை மூடி வைத்திருப்பார். திரையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், விசைப்பலகையை மட்டும் பார்த்துக்கொண்டு.

எங்களுக்கு ஒரு ரிஜிஸ்டர் வைத்திருந்தார். வீட்டு ஆட்கள் யாராவது பட்டியலில் காத்திருந்தால் அவர்கள் பதிவு நம்பரை நாமே அதில் எழுத வேண்டும். எழுதிய பிறகு அந்த நம்பரை நாம் தொடக் கூடாது. முதல் வரியில் அவரே தன் அப்பாவின் நம்பரை எழுதியிருந்தார். நான் எழுதவில்லை. என் அக்கா, நாங்கள் ராத்தா என்போம், அவள் வீட்டில் மச்சான் பெயரில் பதிவு இருந்தது. ஆனால் அவள் கட்டிக்கொடுத்துப் போனவள், அது வேறு வீடு என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன்.

பட்டியலைத் திருத்துகிற அதிகாரம் அந்த அறையில் ஒரே ஒருவருக்குத்தான் இல்லை. அவருக்கு. எழுதிக் கேட்டு எடுக்கச் சொல்லியிருந்தார். ஒருமுறை பெரிய அதிகாரியே உள்ளே வந்து, தன் மைத்துனன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று சும்மா பார்த்துச் சொல்லச் சொன்னார். "டீலர் மூலமா எழுதிக் கேக்கச் சொல்லுங்கோ சார்," என்றார் இவர். அதிகாரி சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார், பிறகு போய்விட்டார். அவர் போனதும் இவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். வாய்க்குப் போவதற்குள் பாதித் தண்ணீர் புடவையில் கொட்டியது. அன்றைக்கு அவர்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்தது. அதை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தினமும் காலையில் முந்தின நாள் செய்த திருத்தங்கள் எல்லாம் ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் அச்சாகி வரும். சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் டீலரின் சீட்டு இருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பார். அப்போது புடவைப் பெட்டி அட்டையில் நீளமாக வெட்டிய ஒரு துண்டைப் பெயரும் பதிவு நம்பரும் இருக்கிற பத்தியின்மேல் வைத்துக்கொள்வார். சீட்டு நம்பர் தெரியும், என்ன மாறியது தெரியும், யார் மாற்றியது தெரியும். யாருக்காக என்பது மட்டும் அட்டைக்குக் கீழே இருக்கும்.

"பேரைப் பாத்தா நம்ம மனுஷா, வேத்து மனுஷான்னு மனசு உடனே கணக்குப் போட ஆரம்பிச்சுடும்," என்றார் ஒரு நாள், நான் கேட்காமலே.

எவ்வளவு பெரிய உத்தமி என்று எனக்கு நமைச்சல் எடுத்தது. வேலை குறைவாக இருந்த ஒரு மத்தியானம், ரிஜிஸ்டரின் முதல் வரியிலிருந்த நம்பரை என் திரையில் தட்டினேன். அவர் அப்பாவின் பெயர் வந்தது, மாதுங்கா விலாசம் வந்தது, அதற்கு எதிரே 'இணைப்பு கொடுக்கப்பட்டது' என்று வந்தது. இரண்டு வருஷம் முன்பே. ஓஹோ, இதுதானா சங்கதி என்று நினைத்தேன். தன் வீட்டில் நீல நெருப்பு எரிகிறது, அப்புறம் என்ன, ஊருக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லலாம், சுவரைப் பார்த்து நிற்கலாம். அன்றிலிருந்து அவர் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

ராத்தா தாராவியில் ஒற்றை அறையில் பம்ப் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஏழு மாதம். நான் போகும்போதெல்லாம் ஊசியால் ஸ்டவ்வைக் குத்திக்கொண்டே கேலி பேசுவாள்.

"ஏட்டி, நாள் முச்சூடும் அங்க உக்காந்து என்னத்தத்தான் தட்டுத? ஒரு தட்டு நமக்கும் தட்டப்பிடாதா?"

"தட்டுனா வேல போயிரும் ராத்தா."

"போடி, பெரிய வேல."

இது எங்களுக்குள் வழக்கமான விளையாட்டு. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவள் பக்கத்து வீட்டில் ஸ்டவ் வெடித்தது. அந்த வீட்டுப் பெண்ணைப் போர்வையில் சுற்றி டாக்சியில் ஏற்றும்போது ராத்தாவும் கூட நின்றிருக்கிறாள். நான் போனபோது அவள் கேலி பேசவில்லை. ஸ்டவ்வை வாசலில் கொண்டு வைத்து, எட்ட நின்று பம்ப் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு உட்கார முடியவில்லை, சாப்பிட முடியவில்லை.

திங்கட்கிழமை நாலு மணிக்கு ஷிண்டே "தஸ் மினிட்" என்று ஓடினான். அவரை மேலே மாடிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் எழுந்து என் திரையை மூடினேன். மறக்காமல் மூடினேன். பிறகு ஷிண்டேயின் நாற்காலியில் உட்கார்ந்து, மச்சானின் நம்பரைத் தட்டி, பதிவு செய்த வருஷத்தை ஆறு வருஷம் முன்னால் தள்ளினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளங்கால் ஐஸாகக் குளிர்ந்தது, காது மட்டும் சுட்டது. அன்று சாயங்காலம் ராத்தாவிடம், "இன்னும் ரெண்டு மாசந்தான்," என்றேன். அவள் எப்படி என்று கேட்கவில்லை. என் கன்னத்தைத் தொட்டாள்.

மறுநாள் காலை அவர் அட்டையை வைத்து, பென்சிலை எடுத்து, வரி வரியாக இறங்கி வந்தார். ஒரு இடத்தில் பென்சில் நின்றது. சீட்டுக் கட்டை மறுபடி ஒரு தரம் புரட்டினார். பிறகு ஒரு வட்டம் போட்டார்.

"ஷிண்டே, இந்தத் திருத்தம் உங்க பேர்ல இருக்கு. சீட்டு எங்கே?"

"மைனே நஹீ கியா, மேடம்," என்றான் அவன். நான் செய்யவில்லை என்று இந்தியில் நாலு தடவை, பிறகு மராட்டியில். மத்தியானத்துக்குள் மேலேயிருந்து உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை ஷிண்டே அறைக்குள் வரக் கூடாது. மறுநாள் பத்து மணிக்கு அவர் அறிக்கை கொடுக்க வேண்டும். அது போனால் அவன் வேலையும் போகும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஷிண்டே வாசலில் குனிந்து செருப்பை மாட்டினான், வலது இடது மாறிப்போய்க் கழற்றி மறுபடி மாட்டினான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னவள் பெயர்தான் அவன் பாஸ்வேர்ட். அதை அவனே எல்லாரிடமும் சொல்லியிருந்தான்.

அவர் அந்த அட்டையை ஒரே ஒரு தரம் தூக்கிப் பார்த்திருந்தால் போதும். மச்சான் பெயர் ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் எல்லாருக்கும் லெதர் பர்ஸ் தைத்துக் கொடுத்தவர் அவர், உள்ளே தன் பெயரை அச்சடித்திருப்பார். மேடத்தின் பையிலும் ஒன்று இருந்தது, அவர் காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. பெயரைப் பார்த்த நிமிஷம் அவர் என் பக்கம் திரும்பியிருப்பார். அவர் பார்க்கவில்லை. அட்டையோடு சேர்த்துக் காகிதத்தை மடித்துக் கட்டினார். ஷிண்டேயை வீட்டுக்கு அனுப்பியதும் என்னைக் காப்பாற்றியதும் அந்தச் சனியன் பிடித்த அட்டைதான்.

சாயங்காலம் நான் தாராவிக்குப் போகவில்லை. கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, பூக்கடைக்காரரிடம் அன்று திரையில் பார்த்த மாதுங்கா விலாசத்தைச் சொல்லி விசாரித்து, மூன்று மாடி ஏறினேன். கதவைத் தட்டப் போன கை நின்றுவிட்டது. உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம். எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். பம்ப் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கிற சத்தம்.

அவரே கதவைத் திறந்தார். கையெல்லாம் மண்ணெண்ணெய் வாசம். அறைக்குள்ளே கட்டிலில் அவர் அப்பா விடாமல் இருமிக்கொண்டிருந்தார். என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையைப் போட்டார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

"மேடம், நாளைக்கு அந்த அட்டைய எடுத்துட்டு அந்தப் பேரப் பாருங்க."

அவர் ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ சொல்லிட்டேன்னா நான் எழுதியாகணும். காபி தரேன். குடிச்சுட்டு சொல்லு, இல்லேன்னா குடிச்சுட்டுக் கிளம்பு. வந்ததையே நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நாந்தான் மேடம் செஞ்சேன். எங்க ராத்தாவுக்காகச் செஞ்சேன். ஷிண்டேக்கு ஒண்ணும் தெரியாது."

காபி பொங்கியது. இறக்கி வைத்தார். "சரி," என்றார். "நாளைக்குக் காலம்பற வந்து, என்ன பண்ணினே, பாக்கக் கூடாததை என்னல்லாம் பாத்தே, எல்லாத்தையும் உன் கையால எழுதிக் குடு. ஷிண்டேக்கு ஒரு மெமோவோட போயிடும். திறந்து போட்டுட்டுப் போனதுக்கு. உங்க ராத்தா எந்த இடத்துல நின்னுண்டிருந்தாளோ அங்கேயே இருப்பா. அவ ஒண்ணும் பண்ணலையே. உன் வேலையை என்னால காப்பாத்த முடியாதும்மா."

நான் அழுதேன். அழுகைக்கு நடுவில் கண் அந்த ஸ்டவ்விலேயே நின்றது.

"உங்களுக்குத்தான் கேஸ் வந்துட்டே மேடம்? அப்புறம் ஏன் இது?"

"யார் சொன்னா?" என்று சிரித்தார். "அப்பா பேர்ல பதிஞ்சு பதினோரு வருஷமாச்சு. இன்னும் முறை வரலை."

திரையில் பார்த்த எழுத்து அப்படியே கண் முன்னால் நின்றது. கொடுக்கப்பட்டது. யாருக்கு? எவனோ ஒருவன், எங்கள் ஆறு பேரில் ஒருவனோ, டீலரோ, ஒழுங்கான ஒரு சீட்டை வைத்து, இவருடைய முறையைப் பிடுங்கி யாருக்கோ கொடுத்துவிட்டான். மறுநாள் காலையில் அந்த வரி இவர் மேஜைக்கே வந்திருக்கும். பெயர்மேல் அட்டையை வைத்து, சீட்டைச் சரிபார்த்து, தன் கையாலேயே சிவப்புப் பென்சிலால் டிக் போட்டிருப்பார்.

"இல்ல மேடம், நான் பாத்தேன், உங்கப்பா பேருல..."

அவர் சட்டென்று எழுந்து திரும்பி நின்றுகொண்டார். அந்தச் சமையலறைச் சுவர் வெள்ளை இல்லை. ஸ்டவ் கரி படிந்து ஆளுயரத்துக்குக் கறுத்திருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்தார்.

"சொல்லாதே. முன்னாடியா, பின்னாடியா, எதுவும் எனக்குத் தெரிய வேண்டாம்."

"மேடம், இது அப்படி இல்ல..."

"உனக்குப் புரியலை. ராத்திரி பூரா அப்பா இருமறார். எந்த இடத்துல இருக்கோம்னு தெரிஞ்ச நிமிஷம் நானும் உன்ன மாதிரியேதான் போய் உக்காருவேன். என் கையைப் பத்தி எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் பாக்கறதில்லை, நல்லவங்கறதுக்காக இல்லை." அப்போதும் திரும்பவில்லை. "காபி ஆறிப் போறது பாரு."

உள்ளே அப்பா இருமினார். மண்ணெண்ணெய் வாசத்தோடு அந்தக் காபியைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன். பதினோரு வருஷமாகக் காத்திருக்கிற ஒருத்தி முன்னால், இனி எத்தனை வருஷம் காத்தாலும் வராது என்று தெரிந்துகொண்டு, நான் காபி குடித்தேன்.

மறுநாள் காலை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். முதல் பக்கம் முழுக்க ராத்தா. இரண்டாம் பக்கத்தில், பார்க்கக் கூடாத இன்னொரு பெயரையும் பார்த்தேன் என்று எழுதி, அவர் அப்பாவின் நம்பரைப் போட்டேன். அதற்கு எதிரே கொடுக்கப்பட்டது என்று இருக்கிறது, அந்த வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிகிறது, என் கண்ணால் பார்த்தேன், தயவுசெய்து விசாரியுங்கள் என்று எழுதினேன். அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். அவரிடம் நீட்டினேன்.

"படிங்க மேடம். ஒரே ஒரு வாட்டி, ரெண்டாவது பக்கம்."

"மடிச்சுக் குடு," என்றார்.

மடித்தேன். மேலே சொல்லி அவர் வரவழைத்திருந்த ஷிண்டே அதற்குள் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்க்கவில்லை. அவர் காகிதத்தை உறைக்குள் போட்டு, வாயை ஒட்டி, ஒட்டிய இடத்தைக் கட்டை விரலால் இரண்டு முறை அழுத்தினார். பெரிய அதிகாரியின் பெயரை எழுதினார். மைத்துனனுக்காக வந்து சிரிப்பை நிறுத்திவிட்டுப் போன அதே ஆள். பியூனைக் கூப்பிட்டு உறையைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "குளிர்ல உனக்குக் கால் மரத்துப் போறதுன்னு எனக்குத் தெரியும், சாக்ஸ் போட்டுக்கச் சொல்லணும்னு நினைச்சிண்டே இருந்தேன்," என்றார்.

மேடத்தின் அறிக்கையோடு அன்றைக்கே என் வேலை போனது. ராத்தாவுக்கு மூன்று வருஷம் கழித்து முறைப்படி கேஸ் வந்தது. அந்த உறையை மேலே யாராவது பிரித்தார்களா, பிரித்திருந்தால் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, அந்த மூன்று மாடி ஏறி, கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுப்பதுதான். இரண்டு முறை அந்தக் கட்டடத்தின் வாசல்வரை போயிருக்கிறேன். அந்த டக், டக் சத்தம் கேட்டுவிடுமோ என்ற பயத்தில், படியேறாமல், எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பினேன்.